ஏழும் எட்டும் ஒரே துண்டு

போன வாரம் நம் பட்டறை வாட்ஸப் குழுவில் தினேஷ் ஒரு கேள்வி கேட்டிருந்தான். "அண்ணே, இப்ப எல்லா எக்ஸிபிஷனும் ஸ்கிரீன்லதான் ஓடுது. தப்பு வந்தா போன்லயே மாத்திடறோம். ஹேண்டோவர் தாள்ல 'வாசித்தவர் கையெழுத்து'ன்னு இன்னும் ஒரு கோடு எதுக்கு? எடுத்துரலாமா?" அதற்குக் கீழே இருபது பேர் கட்டைவிரலைத் தூக்கியிருந்தார்கள். அந்தக் காலத்தில் என்னோடு வேலை பார்த்த முருகேசன் மட்டும், "செல்வராசு அண்ணனக் கேளு, அவருக்குத்தான் தெரியும்" என்று என்னைக் கோத்துவிட்டிருந்தான்.

கேள்வியைப் படித்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். நான் ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. அஜ்மானில் மகள் வீட்டில், அவள் விசாவில் இருக்கிறேன். யாரும் என்னை இனிமேல் எதுவும் செய்ய முடியாது. இருந்தாலும் கவிழ்த்து வைத்தேன். நான் கேஸை மூடிவிட்டு, மூடினேனா என்று பார்க்க மூன்று முறை திரும்பி வருகிற ரகம். என் மனைவி இருந்தவரை, "உங்களுக்குப் பயப்பட ஒன்னும் இல்லேன்னா அதுக்கும் பயப்படுவீங்க" என்பாள். அந்தக் கோடு ஏன் வந்தது என்பதை நான் ஒன்பது வருடமாக யாரிடமும் சொல்லவில்லை. முருகேசனுக்குப் பாதி தெரியும். மீதியை இப்போது எழுதுகிறேன்.

அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து இருபத்திரண்டு வயதில் இங்கே வந்தேன். முதல் வேலை அஜ்மானில் ஒரு போர்டுக் கடை. அரபி தெரியாது. எழுத்துகள் எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. எண்களை மட்டும் பஸ் ஜன்னல் வழியாகக் கற்றுக்கொண்டேன். அப்போதெல்லாம் வண்டி நம்பர் பலகையில் அரபி எண்ணும் ஆங்கில எண்ணும் மேலும் கீழுமாக இருக்கும். ஷார்ஜா நெரிசலில் ஒரு மணி நேரம் நின்றால் பாடம் தானாக ஏறும். புள்ளி வைத்தால் பூஜ்யம். முட்டை வடிவம் வரைந்தால் ஐந்து. ஆங்கில 'வி' எழுத்து மாதிரி இருந்தால் ஏழு: ٧. அதையே கவிழ்த்து, கூரை மாதிரி வைத்தால் எட்டு: ٨.

இந்த ஏழும் எட்டும் ஆரம்பத்திலேயே என்னைப் பிடித்துக்கொண்டன. ஒரு தையல்கடைப் பெயர்ப்பலகையில் போன் நம்பரில் ஒரு ஏழு எண்ணைக் கவிழ்த்து ஒட்டிவிட்டேன். அந்த நம்பர் பட்டாணியரான ஒரு பாகிஸ்தான் லாரி டிரைவருடையது. ஒரு மாதம் அந்த மனிதருக்கு, "பிளவுஸ் ரெடியா?" என்று போன் வந்திருக்கிறது. கடைசியில் லாரியை எங்கள் கடை வாசலிலேயே கொண்டுவந்து நிறுத்திவிட்டார். மேலே ஏறி அந்த எண்ணைத் திருப்பி ஒட்டும்வரை அவர் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். உதவிக்குப் பிடித்தாரா, நான் தப்பித்து ஓடாமல் இருக்கப் பிடித்தாரா என்று தெரியவில்லை.

பிறகு அல் கூஸ் தொழிற்பேட்டையில் நம் கம்பெனியில் சேர்ந்தேன். அருங்காட்சியகங்களுக்கும் கண்காட்சிகளுக்கும் சுவர், பலகை, கண்ணாடிப் பெட்டி எல்லாம் செய்து பொருத்துகிற வேலை. என்னை வேலைக்கு எடுத்தவர் சைட் சூப்பர்வைசர் சாகுல் பாய். கீழக்கரைக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். "இதுவரைக்கும் நீ செஞ்சதுலயே பெரிய தப்பு என்ன?" என்பதுதான் அவர் கேட்ட ஒரே கேள்வி. பிளவுஸ் கதையைச் சொன்னேன். சிரிக்கவில்லை. "தப்ப ஞாபகம் வெச்சிருக்க. நாளைக்கு வா" என்றார்.

பாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். எந்த சைட்டிலும் இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டைதான் போடுவார். தண்ணீரை உட்கார்ந்துதான் குடிப்பார். கோபம் வந்தால் அவர் குரல் ஏறாது, இறங்கும். அவர் பேசுவது காதில் விழவில்லை என்றால் நாங்கள் ஏதோ பெரிதாகச் சொதப்பியிருக்கிறோம் என்று அர்த்தம். சட்டைப்பையில் பழைய கண் மருந்து பாட்டில் ஒன்று இருக்கும். அந்தந்த சைட்டின் சுவர் பெயிண்டை அதில் கொஞ்சம் பிடித்து வைத்திருப்பார். கீறல் விழுந்தால் இரண்டு சொட்டு. சின்ன வயதில் மதரஸாவில் ஓதியவர் என்பதால் அரபி எழுத்தும் எண்ணும் சரளமாக வாசிப்பார். பேசவும் இங்கே வந்து கற்றுக்கொண்டிருந்தார்.

அவர் கொண்டுவந்ததுதான் மூன்று பேர் வாசிப்பு. எழுத்தோ எண்ணோ பொருத்தி முடித்ததும், ஒருவன் சுவருக்கு முதுகைக் காட்டி நின்று வரைபடத்தில் உள்ளதை ஒவ்வொன்றாகச் சத்தமாக வாசிக்க வேண்டும். இரண்டாமவன் சுவரில் விரல் வைத்து, தான் பார்ப்பதைச் சொல்ல வேண்டும். மூன்றாமவன் கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு குரலும் ஒன்றையே சொல்கிறதா என்று கேட்டுக்கொண்டு மட்டும் நிற்க வேண்டும். நடுவில் இரண்டாமவன் வாய் தவறி "சரி" என்று சொல்லிவிட்டால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். "'சரி'ங்கறது நம்பர் இல்லப்பா. கண்ணு பாத்தத வாய் சொல்லணும்" என்பார். முடிந்ததும் நாங்கள் போய், "வாசிச்சாச்சு பாய்" என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு சொல்லைக் கேட்டால்தான் அவர் வேலையை ஒப்படைக்கிற ஹேண்டோவர் தாளில் கையெழுத்துப் போடுவார்.

இப்போது அந்தக் கண்காட்சிக்கு வருகிறேன். ஐரோப்பாவின் இடைக்காலம் பற்றியது. எந்த அருங்காட்சியகம், எந்த ஊர் என்று சொல்லப்போவதில்லை. வெளிநாட்டிலிருந்து வாள், மணி, நாணயம், கையெழுத்துப் பிரதி எல்லாம் கடனாக வந்திருந்தன. பொறுப்பாளர் ஒரு போர்ச்சுகல் நாட்டு மேடம். வேலை தொடங்கும் முன் எங்களை நிற்க வைத்து, ஒவ்வொரு பொருளின் கதையையும் சொன்னார். இதுவரை எந்த மேடமும் எங்களிடம் கதை சொன்னதில்லை. "ஏற்பாடு செய்பவர்களுக்கு என்ன ஏற்பாடு செய்கிறோம் என்று தெரிய வேண்டும்" என்றாராம். பாய்தான் தமிழில் சொன்னார்.

நுழைந்ததும் ஒரு நீளமான கருநீலச் சுவர். அதில் பத்து வருடங்கள், பத்து நிகழ்ச்சிகள். அரபிப்படி வலமிருந்து இடமாக ஓடும். ரோம் விழுந்த 476. கடலைத் தாண்டி ஸ்பெயினுக்குள் முஸ்லிம் படை போன 711. சார்லமேன் முடிசூடிய 800. நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த 1066. சிலுவைப் படை ஜெருசலேமைப் பிடித்த 1099. சுல்தான் சலாஹுத்தீன் அதைத் திரும்ப எடுத்த 1187. இங்கிலாந்து ராஜாவைப் பிரபுக்கள் உட்கார வைத்து, சட்டத்துக்கு நானும் கட்டுப்பட்டவன் என்று முத்திரை வைக்கச் சொன்ன 1215. அதைக் கேட்டதும் முருகேசன், "விசா குடுக்கற கஃபீலயே உக்கார வெச்சுக் கையெழுத்து வாங்கிட்டானுங்களா!" என்றான். பிறகு கப்பலில் கொள்ளைநோய் வந்து இறங்கிய 1347. கான்ஸ்டான்டிநோபிள் விழுந்த 1453. கடைசியாக, கிரானடா விழுந்து, கொலம்பஸ் கப்பல் ஏறிய 1492.

கொள்ளைநோய்ப் பகுதியில், வந்த கப்பல்களைப் பிற்பாடு நாற்பது நாள் தள்ளி நிறுத்தி வைத்த கதை இருந்தது. அன்று அதைச் சும்மா கேட்டுக்கொண்டேன். சில வருடம் கழித்துக் கொரோனாவில் தொழிலாளர் கேம்ப் அறையில் எட்டுப் பேர் பதினான்கு நாள் அடைபட்டுக் கிடந்தபோது, தினமும் எனக்கு அந்தப் பலகைதான் ஞாபகம் வந்தது.

மேடம் இன்னொன்றும் சொன்னார். சலாஹுத்தீன் ஜெயித்ததை எல்லாரும் சொல்வார்கள். அதற்குச் சரியாகப் பத்து வருடம் முன்பு, 1177இல், ஜெருசலேமின் பதினாறு வயது ராஜாவிடம், அதுவும் தொழுநோய் வந்த ஒரு பையனிடம், இதே சுல்தான் தோற்று ஓடியிருக்கிறார் என்றார். அது சுவரில் இல்லை. பேச்சுவாக்கில் சொன்னது. பாய்க்கு அது புதுச் செய்தி. "தோத்தவருதானப்பா ஜெயிச்சாரு" என்று எங்களிடம் சொல்லிக்கொண்டு போனார்.

வருடங்கள் பித்தளையில் வெட்டிய அரபி எண்கள். ஒவ்வொன்றும் ஒரு சாண் உயரம், பின்னால் மூன்று ஆணிக்கால்கள். அவற்றுக்குக் கீழே சின்னதாக ஆங்கில வருடம் ஸ்டிக்கரில். ஏழுக்கும் எட்டுக்கும் தனித்தனியாக வெட்டவில்லை. ஒரே துண்டு, ஒரே பை. நேராக வைத்தால் ஏழு, கவிழ்த்தால் எட்டு. ஒவ்வொரு எண்ணுக்கும் துளை குறித்த தாள் உண்டு. தாளைச் சுவரில் ரசமட்டம் பார்த்து ஒட்டி, குறித்த இடத்தில் துளை போட்டு, தாளைக் கிழித்துவிட்டு, ஆணிக்காலில் பசை வைத்து எண்ணை அழுத்த வேண்டும். தாளின் மேல் விளிம்பில் ஓர் அம்புக்குறி இருக்கும். அது எப்போதும் மேலே பார்க்க வேண்டும்.

1187இல் எட்டும் ஏழும் நெருங்கி நிற்கும். இரண்டு தாள்களும் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டன. நான் கத்தியால் எட்டுத் தாளின் நான்கு ஓரத்தையும் நறுக்கினேன். ஓரத்தோடு அம்புக்குறியும் போய்விட்டது. அப்போது அது எனக்கு உறைக்கவே இல்லை. வேலை சுத்தமாக இருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

அன்று கடைசி நாள். மறுநாள் காலை பதினொரு மணிக்குத் திறப்பு விழா. மத்தியானம் மூன்று மணிக்குச் சுவர் முடிந்தது. முருகேசன் வரைபடத்தைப் பிடிக்க, நான் விரல் வைக்க, எலக்ட்ரீஷியன் ஒருவரைக் கண்ணை மூடி நிற்க வைத்து வாசிக்கத் தொடங்கினோம். வலப்பக்கத்திலிருந்து ஐந்து பலகை முடிந்தது. 1099 வரை. அப்போது வாள் இருந்த கண்ணாடிப் பெட்டியைத் தூக்க ஆள் வேண்டும் என்று கூப்பிட்டார்கள். மூவரும் ஓடினோம். திரும்பி வரும்போது நான்கே கால். வேன் டிரைவர் வாசலில் நின்று, "யல்லா, யல்லா" என்று அவசரப்படுத்திக் கத்திக்கொண்டிருந்தார். எலக்ட்ரீஷியன் எங்கோ போய்விட்டார். பாய் கையில் தாளோடு வந்தார்.

"சுவர் வாசிச்சாச்சா?"

"வாசிச்சாச்சு பாய்."

அவ்வளவுதான். முழுப் பொய்கூட இல்லை, பாதிப் பொய். பாதிக் கிணறு தாண்டினவன் கதை. மீதி ஐந்தையும் ஒட்டியவன் நான், என் கண் தப்பாது என்று ஒரு திமிர். பாய் சுவர்ப் பக்கம் போனார், திரும்பி வந்தார், தாளில் கையெழுத்துப் போட்டார். நான் வேனில் ஏறிவிட்டேன்.

பாயின் அந்தக் கையெழுத்துக்குப் பின்னால் என்ன இருந்தது என்று எங்களுக்கெல்லாம் தெரியும். அதற்கு முந்தைய வருடம் லாரியில் ஒரு கண்ணாடி விரிசல் விட்டதற்கு அவருக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்திருந்தார்கள். இன்னொரு புகார் வந்தால் கேன்சல் என்று முதலாளி நேரிலேயே சொல்லியிருந்தார். இங்கே கேன்சல் என்றால் விசா. விசா போனால் வீடு, பள்ளிக்கூடம், ஊர் எல்லாம் ஒரே மாதத்தில் போகும். அவருடைய மகள் பர்வீன் ஷார்ஜாவில் பன்னிரண்டாம் வகுப்பு. மார்ச்சில் பரீட்சை. அப்போது ஜனவரி. நடுவில் கேன்சல் ஆனால் அந்தப் பெண் பரீட்சையை எங்கே எழுதும்?

மறுநாள் காலை கம்பெனி பஸ்ஸில் அல் கூஸுக்குப் போய்க்கொண்டிருந்தோம். ஷார்ஜாவைத் தாண்டும் இடத்தில் வழக்கமான நெரிசல். எங்களுக்கு முன்னால் ஓர் ஓமன் லாரி. அதன் நம்பர் பலகையில் கடைசி இரண்டு எண்: மேலே அரபியில், கீழே ஆங்கிலத்தில், 87. முதலில் கூரை, பிறகு 'வி'. சும்மாதான் பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று என் கண்ணுக்குள் நேற்றைய சுவர் வந்தது. அதில் கூரை இல்லை. இரண்டும் 'வி'.

உண்மையாகவே இல்லையா, பயத்தில் அப்படித் தோன்றுகிறதா என்று தெரியவில்லை. நறுக்கிப் போட்ட தாள் ஓரம் ஞாபகம் வந்தது. தரையில் விழுந்த துண்டில் அம்புக்குறி இருந்ததா? எட்டுத் தாளைத் தலைகீழாக ஒட்டிவிட்டேனா? போனில் நேற்று எடுத்த போட்டோவைத் திறந்தேன். சுவர் முழுதும் வந்திருந்தது. ஆறாவது பலகைக்கு முன்னால் முருகேசன் பல்லை இளித்துக்கொண்டு நின்றான். சரியாக அந்த எட்டு இருக்க வேண்டிய இடத்தில் அவன் தலை.

பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தவனை உலுக்கினேன். "டேய், நேத்து சுவர்ல எட்டு எப்படி இருந்துச்சு?"

"எந்த எட்டு?"

"ஆயிரத்து நூத்து எண்பத்தேழுல. கூரையா இருந்துச்சா, வியா இருந்துச்சா?"

"நான் போட்டோவுக்கு நின்னேண்ணே. முதுகுல கண்ணு இருக்கா எனக்கு?" பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து உட்கார்ந்தான். "அண்ணே, நாம பாதிதான் வாசிச்சோம்."

"தெரியும்டா."

"பாய்கிட்ட முழுசும்னு சொன்னீங்க."

"தெரியும்டா!"

மேடம் சொன்னது காதில் ஓடிக்கொண்டே இருந்தது: 1177, தோற்று ஓடிய வருடம். ஜெயித்த கதைக்கு மேலே தோற்ற வருடத்தைப் பித்தளையில் அடித்து வைத்திருக்கிறேன். திறப்பு விழாவுக்கு வரும் பெரிய மனிதர் அதற்கு முன்னால்தான் நிற்கப்போகிறார். அது வெறும் எண் பிழை என்று யார் நம்புவார்கள்? வேண்டுமென்றே செய்ததாக நினைத்தால்?

போனை எடுத்தேன். பாய் நம்பரைப் போட்டேன், மணி அடிக்கும் முன் வைத்துவிட்டேன். மூன்று முறை இப்படி. ஒருவேளை சரியாகவே இருந்தால், வாசிக்காமல் வாசித்ததாகச் சொன்னதை நானே காட்டிக்கொடுத்த மாதிரி ஆகும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நிமிடத்தில் பர்வீனின் பரீட்சையைவிட என் பெயர்தான் எனக்குப் பெரிதாக இருந்தது. லாரி கொஞ்சம் நகர்ந்தது. அந்த 87 என்னையே பார்த்தபடி போனது. நான்காவது முறை மணி அடிக்க விட்டேன்.

"சொல்லு ராசு."

"பாய்... எங்க இருக்கீங்க?"

"மியூசியத்துலதான். ஸ்டாண்ட்பை."

"ஆறாவது பலகைல எட்டக் கொஞ்சம் பாருங்க பாய்."

அவர் ஏன் என்று கேட்கவில்லை. நடக்கிற சத்தம் கேட்டது. நின்றது. பிறகு குரல் வந்தது, இறங்கிய குரல், போனைக் காதோடு அழுத்திக்கொள்ள வேண்டியிருந்தது.

"எழுபத்தேழுன்னு இருக்குப்பா."

"பாய்..."

"வாசிச்சாச்சுன்னு சொன்னியே."

"வாசிக்கல பாய். அஞ்சு பலகைதான் வாசிச்சோம்."

"டூல் பை கைல இருக்கா? எறங்கி டாக்ஸி புடிச்சு வா."

முருகேசனும் என்னோடு இறங்கினான். போய்ச் சேரும்போது பத்து மணி. முந்தைய நாளோடு எங்கள் நுழைவு பாஸ் முடிந்துவிட்டது. காவலாளி விடமாட்டேன் என்றார். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் பாய் அருங்காட்சியக டைரக்டரோடு நின்று பேசிக்கொண்டிருந்தார். டைரக்டர் வெள்ளை கந்தூரா அங்கியில், கையில் மணிமாலை. ஒரு முறை எங்கள் பக்கம் பார்த்தார். யார் செய்தது என்று கேட்டிருக்க வேண்டும். பாய் அரபியில் ஏதோ சொல்லிவிட்டுத் தன் நெஞ்சில் கை வைத்தார். அதில் ஒரு சொல்தான் எனக்குப் புரிந்தது. "அனா." நான் என்று அர்த்தம். எனக்கு அங்கேயே தரைக்குள் போய்விடலாம் போல இருந்தது.

கதவு திறந்தது. டைரக்டர் கடிகாரத்தைக் காட்டினார். நாற்பது நிமிடம்.

எண்ணைக் கவிழ்ப்பது பெரிதில்லை. கவிழ்த்தால் பழைய துளை மூன்றும் வெளியே தெரியும், அதுதான் சிக்கல். மெல்லிய கம்பியைப் பின்னால் விட்டு, இருபக்கமும் இழுத்து இழுத்துப் பசையை அறுத்தேன். "அவசரத்துல அண்டாவுக்குள்ளகூடக் கை போகாதுண்ணே" என்று முருகேசன் முணுமுணுத்தான். எண் கையோடு வந்தது. ஆணிக்கால்களை வெட்டி, பின்பக்கம் கனத்த இரட்டைப் பக்க டேப் ஒட்டினேன். துளையை அடைக்க மக்குப் பசை இல்லை. அது பட்டறையில் கிடந்தது. முருகேசன் ஓடிப்போய்ப் பக்கத்துப் பக்காலா மளிகைக்கடையிலிருந்து டூத்பேஸ்ட் வாங்கி வந்தான். கேம்ப் அறையைக் காலி செய்யும்போது ஆணி அடித்த துளையை மறைக்க நாம் எல்லாரும் செய்வதுதான். மூன்று துளையிலும் பேஸ்ட்டை அழுத்தி, அட்டையால் வழித்து, சூடான காற்று ஊதும் கருவியைத் தூரத்தில் பிடித்துக் காயவைத்தேன். பாய் சட்டைப்பையிலிருந்து கண் மருந்து பாட்டிலை எடுத்தார். ஒவ்வொரு துளைக்கும் இரண்டு சொட்டு, விரல் நுனியால் ஒற்றி ஒற்றி. அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

எண்ணைக் கூரையாக வைத்து அழுத்தினேன்.

"வாசி" என்றார்.

பாய் சுவருக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். முருகேசன் கண்ணை மூடினான். நான் விரல் வைத்தேன். "ஒன்னு. ஒன்னு. எட்டு. ஏழு." அதோடு விடவில்லை. மீதி நான்கு பலகையையும் வாசித்தோம். 1347இல் ஏழு ஏழாகத்தான் இருந்தது.

பின்வாசல் வழியாக எங்களை அனுப்பினார்கள். கதவு இடுக்கில் நின்று கேட்டேன். காலடிச் சத்தம், கேமரா சத்தம். ஒரு குரல் ஒவ்வொரு பலகையாக அரபியில் வாசித்துக்கொண்டு வந்தது. ஆறாவதில் நின்றது. பெயிண்ட் ஈரம், யாராவது தொட்டுவிடுவார்களோ என்று பயம். குரல் ஆயிரத்து நூறைச் சொல்லிவிட்டு, "ஸப்ஆ..." என்றது. ஸப்ஆ என்றால் ஏழு. டேப் விட்டு எண் சுழன்றுவிட்டது என்றே நினைத்தேன். அடுத்ததாக "வ தமானீன்" என்றது. அரபியில் ஒன்றின் இடத்தை முதலில் சொல்வார்கள். ஏழும் எண்பதும். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். முருகேசன்தான் தண்ணீர் கொடுத்தான்.

விழா நன்றாக நடந்தது. ஆனாலும் கம்பெனிக்குக் கடிதம் வந்தது. பாய் அறிக்கை எழுதினார். பிழை தன்னுடையது, சரிபார்த்தவர் தான்தான் என்று எழுதி, என் பெயரை எங்கும் சேர்க்காமல் கொடுத்தார். முதலாளியிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: பிள்ளை பரீட்சை முடியட்டும். முடிந்தது. ஏப்ரலில் அவரைக் கேன்சல் செய்தார்கள். போகும் முன் ஹேண்டோவர் தாளில் ஒரு கோட்டைச் சேர்க்கச் சொல்லிவிட்டுப் போனார். வாசித்தவர் கையெழுத்து. அதற்குப் பிறகு ஏழு வருடம், ஒவ்வொரு வேலையிலும் அந்தக் கோட்டில் கையெழுத்துப் போட்டவன் நான். ஒவ்வொரு முறையும் பாயிடம் சொன்ன பொய் ஞாபகம் வரும். ஆபீசில் போய் உண்மையைச் சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை. எனக்கும் ஒரு மகள் படித்துக்கொண்டிருந்தாள். அது காரணம்தான், நியாயம் ஆகாது. என் தப்பை அவர் தன் தலையில் போட்டுக்கொண்டு போனார்.

இதுவரை எழுதிவிட்டு, குழுவில் போடும் முன் கீழக்கரைக்குப் போன் செய்தேன். பெருநாளுக்குப் பேசுவோம், உடம்பு எப்படி என்று கேட்போம். இந்தப் பேச்சை மட்டும் நாங்கள் எடுத்ததே இல்லை. பகல் சாப்பாடு முடித்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"பாய், ஒன்னு எழுதியிருக்கேன். வாசிக்கறேன், கேக்கறீங்களா?"

"நான் மூணாவது ஆளா? சரி, கண்ண மூடிக்கிட்டேன். வாசி."

வாசித்தேன். பிளவுஸ் கதைக்கு இந்த முறை சிரித்தார். தன் தலையில் போட்டுக்கொண்டு போனார் என்ற இடம் வந்ததும், "நிறுத்து" என்றார். "அங்க தப்பு இருக்கு."

"என்ன பாய்?"

"நான் கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி அந்தச் சுவர் முன்னாடி போய் நின்னேன்ல. நீயே எழுதியிருக்க. சும்மா நிக்கலப்பா. ஒவ்வொரு பலகையா வாசிச்சேன். ஆறாவதையும் வாசிச்சேன். எனக்கு எண்பத்தேழுன்னுதான் தெரிஞ்சுச்சு."

எனக்குப் புரியவில்லை. "உங்களுக்கா பாய்? நீங்க சின்ன வயசுலேர்ந்து..."

"அதான் சொல்றேன். சின்ன வயசுலேர்ந்து வாசிக்கற எண்ணு. நீ வாசிச்சாச்சுன்னு சொல்லிட்ட. அதுக்கப்புறம் என் கண்ணு சுவரப் பாக்கல, ஓம் பேச்சப் பாத்துச்சு. டைரக்டர்கிட்ட அனான்னு சொன்னது ஒன்னக் காப்பாத்த இல்லப்பா. நெசத்தத்தான் சொன்னேன்."

"ஒம்பது வருஷமா ஏன் பாய் சொல்லல?"

"நீ கேக்கலையே."

பாரம் இறங்கும் என்று நினைப்பீர்கள். இறங்கவில்லை. என் ஒரு சொல் அவர் கண்ணையும் சேர்த்துக் கட்டியிருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

"அந்தக் கோட்ட எடுக்கலாமா வேணாமான்னு அந்தத் தம்பி கேட்டுச்சே, பதில் எழுதிட்டியா?"

"இன்னும் இல்ல பாய்."

"எழுதிட்டு வாசி. லைன்லயே இருக்கேன்."

எழுதினேன். தினேஷ், ஸ்கிரீனோ சுவரோ, அந்தக் கோடு இருக்கட்டும். வாசிக்காமல் அதில் கையெழுத்துப் போடாதே. போட்டால் உனக்குப் பின்னால் பார்க்கிறவர்களுக்கும் தப்பு தெரியாது.

அதையும் அவருக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டுச் சொன்னார்.

"வாசிச்சாச்சு. அனுப்பு."